ரெண்டு பொட்டி, ஒரு மண்டை: அட்டை வெச்சுப் படிச்ச கதை

"மாமா, இது எனக்குத் தெரியும்னு அது சொல்லுது. ஆனா எனக்குத் தெரியலையே."

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்கா பொண்ணு இப்படி வந்து நின்னா. 'அது'ன்னு அவ கை காட்டினது ஹால்ல இருக்குற கணினிப் பொட்டியை. திரையில 'தவலை'ன்னு ஒரு சொல். அதுக்கு அர்த்தம் தெரியலை. தவளைன்னு நினைச்சிருக்கா. கீழே பார்த்தா, இந்த அட்டையை இதுவரைக்கும் ஒரு தடவை கூட தப்பா சொன்னதில்லைன்னு கணக்கு இருக்கு. ஆறாம் வகுப்புப் புள்ளை. "எனக்கு மூளையே இல்லை போல"ன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டா.

தப்பு அவ மேல இல்லை. பொட்டி மேலயும் இல்லை. நூறு சதம் இந்த மாமாவோட கைங்கரியம். அது எப்படின்னு துருவப் போய், ஒரு சின்ன வரலாறே மாட்டுச்சு. அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம் மக்களே, காப்பி போட்டுக்கிட்டு வாங்க :-)

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். இருக்குறது மெல்பர்ன்ல, கிளென் வேவர்லி. சிட்டியிலிருந்து தென்கிழக்கே கிளம்புற ஒரு ரயில் லைன் இங்கே வந்து முட்டிக்கிட்டு நிக்கும், 1930-ல இருந்து இதுதான் கடைசி ஸ்டேஷன். ஸ்கூல் ஸோனுக்காகவே வீடு வாங்குற ஊர். பெரியப்பா பொண்ணும் அத்தானும் இங்கே வீடு வெச்சிருக்காங்க, பின்கட்டு ரூம்ல நான். பக்கத்துல கிளேட்டன்ல, மொனாஷ்ல, ஐ.டி. முதுநிலைப் படிப்பு. வாடகை வாங்க மாட்டேன்னு அக்கா ஒத்தைக்கால்ல நின்னதால, பதிலுக்கு நான் எடுத்துக்கிட்ட வேலை பாப்பாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கறது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போறா. இங்கே விக்டோரியாவில பன்னிரண்டாம் வகுப்புக்கு, அதாவது விசிஇ-க்கு, தமிழையும் ஒரு பாடமா எடுக்கலாம். அக்காவுக்கு அது ஒரு கனவு.

பாப்பாவுக்கு ஃப்ளாஷ் கார்டு வெச்சுப் படிக்கறது பிடிக்கும். நான் 'அங்கி'ன்னு ஒரு மென்பொருளை ஏத்திக் கொடுத்தேன். (உடுப்பு இல்லைங்க. ஜப்பானிய மொழியில மனப்பாடம்னு அர்த்தம்.) முன்னால சொல், பின்னால அர்த்தம், என் குரல்ல உச்சரிப்பு. பல்லி - பள்ளி, மரம் - மறம், அலை - அழை, தவளை - தவலை. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. சரி, கொசுவத்தியை இன்னும் பின்னால சுத்துவோம்.

பொட்டிக்கு முன்னாடி

யாருக்கு எது மனசுல நிக்குதுங்கற கணக்கை முன்னாடி மனுஷங்களே வெச்சிருந்தாங்க. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாமே ஒருத்தன் முன்னால சொல்ல மத்தவங்க பின்னால சொல்றதுதான். எவன் எந்த இடத்துல திணறுவான்னு வாத்தியாருக்குத் தெரியும், அவர் இல்லாதப்போ சட்டாம்பிள்ளைக்குத் தெரியும். மெட்ராஸ்ல எழும்பூர் அனாதை ஆண்பிள்ளைகள் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார், நம்மூர்ப் புள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கறதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்குற முறையையும் அங்கே நடத்திப் பார்த்து, 1797-ல லண்டன்ல புத்தகமாப் போட்டார். அங்கே அதுக்குப் பேரே 'மெட்ராஸ் முறை'. பையனோட முன்னேற்றம் இன்னொரு பையன் தலையில பத்திரமா இருக்கும். நகல் எடுக்க முடியாது, தொலைக்கவும் முடியாது. (சட்டாம்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் கஷ்டம்.)

மறதியை முதன்முதலா எண்ணா அளந்து பார்த்தவர்னு சொல்றது ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸை. வருஷம் 1885. அர்த்தமில்லாத அசைகளை ஆயிரக்கணக்குல செஞ்சு, தானே மனப்பாடம் பண்ணி, தானே மறந்து, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு குறிச்சார். 20 நிமிஷம் கழிச்சு மிச்சம் 58 சதம், ஒரு நாள் கழிச்சு 34, 31 நாள் கழிச்சு 21. முதல் நாள்லயே பெரும்பகுதி கரைஞ்சிடுது, அதுக்கப்புறம் மெதுவாத்தான் கரையுது. அப்போ சரியான இடைவெளியில திருப்பிப் பார்த்தா கொஞ்ச உழைப்புல நிறைய நிறுத்தலாம். இந்த விஷயத்தோட மொத்தக் கட்டடமும் இந்த அஸ்திவாரத்து மேலதான் நிக்குது. இன்னொண்ணு கவனிங்க, அவர் சோதிச்சது ஒரே ஒரு மண்டையை. தன்னோடதை.

அடுத்து 1972. ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர், படிக்கறது எப்படின்னு படிக்கறதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல ஒரு அட்டைப் பெட்டி. அஞ்சு அறை. முதல் அறை 1 செ.மீ., அப்புறம் 2, 5, 8, கடைசி 14. சரியா சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பா சொன்னா முதல் அறைக்கே திரும்பும். அறை நிரம்பினாத்தான் எடுத்துப் பார்க்கணும். பெரிய அறை நிரம்ப நாளாகும், அதனால இடைவெளி தானா நீளும். கணக்குப் போடவே வேண்டாம், என்ன அழகு பாருங்க.

இங்கே அட்டை எந்த அறையில நிக்குதோ அதுதான் அதோட நிலை. பெட்டி ஒண்ணு, அட்டை ஒண்ணு. ஒரே அட்டை ஒரே நேரத்துல ரெண்டு அறையில நிக்க முடியாது. பெட்டியை வீட்டுல விட்டுட்டு ஊருக்குப் போனா படிக்க முடியாது, அவ்வளவுதான். ஒத்திசைவுன்னு ஒரு பிரச்சனையே கிடையாது.

நிலை எண்ணாக மாறினப்போ

போலந்துல போஸ்னான் நகரத்துல பியோட்டர் வோஸ்னியாக்னு ஒரு மாணவர். நம்மள மாதிரியே, படிச்சது மறந்து போகுதேன்னு கடுப்பானவர். 1985-ல தன் மேலயே சோதனை நடத்தி, காகிதத்துல ஒரு முறையை உண்டாக்கினார். ஒரு பக்கம் நிறைய சொற்கள், அதை 1 நாள், 7 நாள், 16 நாள், 35 நாள் இடைவெளியில பார்க்கணும், அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்கு. 1987-ல கணினியில எழுதினார், டர்போ பாஸ்கல் மொழியில. அதுதான் சூப்பர்மெமோ. அதுல வந்த வழிமுறைக்கு எஸ்எம்-2ன்னு பேரு. இப்போ முழுப் பக்கத்துக்கும் ஒரே தேதி கிடையாது, ஒவ்வொரு அட்டைக்கும் தனித் தேதி. முதல்ல 1 நாள், அப்புறம் 6 நாள், அதுக்கப்புறம் போன இடைவெளியை ஒரு எண்ணால பெருக்கணும். அந்த எண் 2.5-ல ஆரம்பிக்கும், திணறினா குறையும், 1.3-க்குக் கீழே போகாது. அந்த எண் 2.5-லயே நின்னா 1, 6, 15, 38, 95 நாள்னு தாவும். அஞ்சே தடவையில மூணு மாசத்தைத் தொட்டாச்சு.

இந்த இடத்துலதான் கதை திரும்புது. லைட்னர் பெட்டியில இடமா இருந்த நிலை இப்போ கோப்புல ஒரு எண். எண்ணை நகலெடுக்கலாம். ஃப்ளாப்பியில ஏத்தி இன்னொரு பொட்டிக்குக் கொண்டு போகலாம். நல்லதுதானே? நல்லதுதான், ரெண்டு பக்கமும் படிக்காத வரைக்கும். வீட்டுல திங்கக்கிழமை படிச்சீங்க, நகலெடுக்க மறந்துட்டு ஆஃபீஸ்ல செவ்வாய்க்கிழமை பழைய நகல்ல படிச்சீங்க. இப்போ எது உண்மை? ரெண்டுமே பாதி உண்மை. ஒண்ணு மேல ஒண்ணைப் போட்டா பாதி அழிஞ்சிடும்.

நான் பாளையங்கோட்டையில பள்ளிக்கூடம் படிச்சப்போ எல்லாமே பென் டிரைவ். கழுத்துல கயிறு கட்டித் தொங்க விட்டுக்கிட்டுத் திரிவோம். அந்தக் காலத்து விதி எளிமையானது: பென் டிரைவ்ல இருக்குறதுதான் நிஜம், பொட்டியில இருக்குறது நிழல். ஒருவகையில லைட்னர் பெட்டி மாதிரிதான், இருக்குறது ஒண்ணே ஒண்ணு. தொலைஞ்சா எல்லாம் போச்சு. பாஸ்டன்ல இருந்து நியூயார்க் போற பஸ்ல பென் டிரைவை மறந்துட்டு ஏறின கடுப்புலதான் ட்ரூ ஹூஸ்டன் டிராப்பாக்ஸை எழுத ஆரம்பிச்சதா சொல்லுவாங்க. 2008-ல அது பொதுமக்கள் கைக்கு வந்துச்சு. அதுக்கும் இதே தலைவலி. ரெண்டு பக்கமும் ஒரே கோப்பை மாத்தினா எது சரின்னு அதுக்குத் தெரியாது. 'முரண்பட்ட நகல்'னு பேர் வெச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு ஒதுங்கிடும். கோப்புக்குள்ள இருக்குறது அட்டையா, கல்யாணப் பத்திரிகையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அங்கி வந்த கதை

அதனால உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தன்தான் இதை ஒத்திசைக்க முடியும். அங்கியை எழுதினவர் டேமியன் எல்ம்ஸ், ஆஸ்திரேலியர். (இந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதை எழுதறதுல ஒரு அல்ப சந்தோஷம்.) ஜப்பானிய மொழி படிக்கறதுக்காக எழுத ஆரம்பிச்சார். எப்போ ஆரம்பிச்சோம்னு அவருக்கே சரியா நினைவில்லை போல. 2011-ல தேடிப் பார்த்தப்போ கிடைச்ச மிகப் பழைய குறிப்பு 2006 அக்டோபர் 5, அதையே பிறந்தநாளா வெச்சாச்சு. ஞாபகசக்தி மென்பொருளுக்கே பிறந்தநாள் மறந்து போச்சு :-)

அடிப்படை வோஸ்னியாக்கோட எஸ்எம்-2, கொஞ்சம் மாத்தினது. 2009-ல ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு ஆர்வலர்கள் அங்கிட்ராய்டை ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஐஃபோனுக்கும் வந்துச்சு. ஆளுக்கு மூணு பொட்டின்னு ஆச்சு. 2012-ல வந்த இரண்டாம் பதிப்புல, தனித்தனிக் கோப்பா இருந்த அட்டைக்கட்டுகள் எல்லாம் ஒரே தொகுப்புக்குள்ள வந்துச்சு. நடுவுல ஒரு வழங்கி, அங்கிவெப். எல்லாப் பொட்டியும் அதுகிட்ட பேசும், ஒண்ணோட ஒண்ணு நேரா பேசாது.

எப்படிப் பேசுதுங்கறதுதான் சுவாரசியம். எங்க பாடத்துல லெஸ்லி லாம்போர்ட் 1978-ல எழுதின ஒரு கட்டுரையை முதல் வாரத்துலயே தலையில கட்டுவாங்க. சாரம் இதுதான்: பல கணினி இருக்குற இடத்துல கடிகாரத்தை நம்பி எது முன்னாடி நடந்தது, எது பின்னாடின்னு சொல்லாதே. எண் போட்டுக்கிட்டே போ. அங்கியில ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இங்கே மாத்தி இன்னும் மேலே அனுப்பாததுக்கு -1ன்னு இருக்கும். வழங்கி ஒவ்வொரு தடவையும் எண்ணை ஒண்ணு ஏத்திக்கிட்டே போகும். "நான் கடைசியா வந்தப்போ 412, இப்போ 415 ஆயிருக்கு, நடுவுல என்ன நடந்துச்சு?"ன்னு பொட்டி கேக்கும். மாறினது மட்டும் வரும். ரேஷன் கடை டோக்கன் மாதிரி வெச்சுக்கங்க.

கடிகாரத்தை முழுசா விட்டுடவும் முடியலை. ஒரே அட்டை ரெண்டு பக்கமும் மாறியிருந்தா நேரத்தைத்தான் பார்க்கணும். அதனால பொட்டியோட கடிகாரம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல தப்பா இருந்தா ஒத்திசைக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். அப்புறம் நாள் எப்போ மாறுதுன்னு ஒரு கேள்வி இருக்கு. நள்ளிரவு இல்லை, அதிகாலை 4 மணி. ராக்கூத்து அடிக்கற மாணவர்களுக்கான சலுகை. பாளையங்கோட்டைக்கும் மெல்பர்னுக்கும் குளிர்காலத்துல நாலரை மணி நேரம், கோடையில அஞ்சரை மணி நேர வித்தியாசம். லீவுக்குப் போறப்போ இன்னைக்குன்னா எந்த இன்னைக்குங்கறதே குழப்பம்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அழிக்கற விஷயம். ஒரு அட்டையை இங்கே அழிச்சீங்கன்னா, இன்னொரு பொட்டியில அது இருக்குமே? அடுத்த தடவை ஒத்திசைக்கும்போது, இது புது அட்டை போலன்னு நினைச்சு திரும்ப இங்கேயே அனுப்பிட்டா? அதைத் தடுக்க, அழிச்சதையெல்லாம் தனியா ஒரு பட்டியல்ல குறிச்சு வெச்சுக்கும். தரவுத்தளத்துல அந்தப் பட்டியலோட பேரு 'கல்லறைகள்'. மறந்துட்டோம்ங்கறதை மறக்காம இருக்கறதுக்கு ஒரு பட்டியல்!

நம்ம மொழிக்குன்னு ஒரு கூடுதல் தலைவலியும் இருக்கு. யுனிகோட்ல 'கொ'வை ரெண்டு விதமா எழுதலாம். க-வுக்கு அப்புறம் ஒரே குறியா 'ொ' போடலாம், இல்லை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா போடலாம். கண்ணுக்கு ஒண்ணு, கணினிக்கு ரெண்டு. ஒரு பொட்டியில ஒரு விதமாவும் இன்னொண்ணுல வேற விதமாவும் அடிச்சா, ஒரே சொல் ரெண்டு அட்டை ஆயிடும். அங்கி உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாத்திடுது. டிஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு எழுத்துருக் குறியேற்றத்தோட அண்ணன்மார் பட்ட பாட்டைக் கேட்டிருக்கேன். அதைப் பார்த்தா இதெல்லாம் ஜுஜுபி.

மாமா செஞ்ச காரியம்

இப்போ மேட்டருக்கு வருவோம். பாப்பாவோட அட்டைகளை நான்தான் செஞ்சேன், எழுத்துப்பிழை திருத்த, குரல் சரியா கேக்குதான்னு பார்க்க. அதுக்காக அவ கணக்கையே என் மடிக்கணினியிலயும் போட்டு வெச்சிருந்தேன். காலையில பஸ்ல கிளேட்டன் போறப்போ திறப்பேன். இன்னைக்குப் பார்க்க வேண்டிய அட்டை வரும். சொல் சரியா இருக்கா? இருக்கு. குரல் கேக்குதா? கேக்குது. 'எளிது'ன்னு ஒரு தட்டு. எனக்கு எளிதுதானே! அடுத்தது. எளிது. அடுத்தது.

கிளேட்டன் போய்ச் சேந்ததும் வைஃபை பிடிச்சு ஒத்திசைஞ்சிடும். சாயங்காலம் பாப்பா வந்து உட்கார்ந்தா, 'வாழ்த்துகள், இன்னைக்கு முடிஞ்சது'ன்னு வரும். அவளுக்கு சந்தோஷம், விளையாடப் போயிடுவா. எனக்கும் சந்தோஷம், புள்ளை சமர்த்தா சீக்கிரம் முடிச்சுடுறான்னு நினைச்சுக்கிட்டேன். இப்படியே ரெண்டு வாரம். அட்டைகள் எல்லாம் ஒரு மாசம், ஒன்றரை மாசம்னு தாவிப் போயிடுச்சு. அது திரும்பி வந்த அன்னிக்குத்தான், "அது சொல்லுது, எனக்குத் தெரியலையே."

ஒத்திசைவு பழுதாகலை. துல்லியமா வேலை செஞ்சுது. ரெண்டு பொட்டியும் நூறு சதம் ஒத்துப் போச்சு. அது கேக்கவே கேக்காத ஒரு கேள்வி, அந்தப் பொத்தானைத் தட்டினது யாரோட மண்டைங்கறது. எபிங்ஹாஸ்ல இருந்து இதுவரைக்கும் எல்லாரும், ஒரு கணக்குன்னா ஒரு மண்டைன்னு சொல்லாமலேயே எடுத்துக்கிட்டாங்க. அங்கியோட கையேடும் ஆளுக்கொரு தனி விவரக்கோப்பு வெச்சுக்கச் சொல்லுது. நாம எங்கே கையேடு படிக்கறோம்!

எப்படிப் பிரிச்சேன்

ஒரே அட்டையை ரெண்டு பொட்டியில படிச்சா அங்கி என்ன செய்யும்? ரெண்டு வேலை செய்யும். அட்டையோட நிலைக்கு, கடைசியா பதில் சொன்னது எதுவோ அதை எடுத்துக்கும். ஆனா என்ன நடந்துச்சுங்கற குறிப்பேட்டுல ரெண்டையும் எழுதி வெச்சிருக்கும். ஒண்ணைக் கூடத் தூக்கி எறியாது.

இதைப் படிச்சப்போ எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்துச்சு. சீவக சிந்தாமணியை அவர் பதிப்பிச்சது 1887-ல. ஊர் ஊராத் தேடிச் சேர்த்த ஏடுகளை வெச்சுத்தான். ஒரு ஏட்டுல ஒரு சொல், இன்னொரு ஏட்டுல வேற சொல். எல்லாமே ஒரு மூலத்தோட நகல்கள், ஆனா எழுதினவங்க கை வேற, காலம் வேற. கடைசியா எழுதினதுதான் சரின்னு அவர் விதி வெச்சிருந்தா வேலை ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும், நம்ம கையில நல்ல புத்தகம் இருந்திருக்காது. ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்தா, மத்ததைப் பாடபேதம்னு குறிச்சு வெச்சார். பின்னால வர்றவன் வேற முடிவுக்கு வரணும்னா வழி இருக்கு.

எனக்கும் அந்தப் பாடபேதம்தான் கை கொடுத்துச்சு. அட்டைகளோட வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பதிலும் தேதி, நேரத்தோட வரிசையா இருக்கு. காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் நடுவுல 'எளிது, எளிது, எளிது'. அது பஸ்ல உட்கார்ந்த மாமா. சாயங்காலம் 7 மணிக்கு மேல 'மறுபடியும்', 'நல்லது', திரும்ப 'மறுபடியும்'. அது பாப்பா. வரிசையா பார்க்கப் பார்க்க, நான் எந்த நாள்ல இருந்து அவ படிப்பைத் திருடினேன்னு பட்டவர்த்தனமா தெரிஞ்சுது. தப்பா சொன்னதேயில்லைன்னு அவ கும்பிட்டுக்கிட்டு இருந்த அந்த தவலை அட்டையில, அவ பதில்னு ஒண்ணு கூட இல்லை. எல்லாமே நான்.

பழைய காப்புப்பிரதியை எடுத்துப் போட்டுடலாம்னு முதல்ல யோசிச்சேன். அப்படிப் போட்டா ஒத்திசைவு ஒருவழிப் பாதை ஆயிடும். அட்டையோட அமைப்பையே மாத்தும்போதும் இப்படித்தான். இந்தப் பொட்டியில இருக்குறதை மேலே ஏத்தட்டுமா, மேலே இருக்குறதைக் கீழே இறக்கட்டுமான்னு கேக்கும். ரெண்டையும் கலக்க முடியாது, ஒரு பக்கம் மொத்தமா அழியும். அந்த ரெண்டு வாரத்துல அவ நிஜமா படிச்ச கொஞ்சமும் அதோட போயிடும். அவளோடதை இன்னொரு தடவை அழிக்க மனசு வரலை. நான் கை வெச்ச அட்டைகளை மட்டும் பொறுக்கி, அதோட தேதியை அழிச்சு புதுசாக்கினேன். இப்படிச் செஞ்சா நிலை மட்டும்தான் அழியும், குறிப்பேடு அப்படியே இருக்கும். 140 அட்டை. ராத்திரி ஒரு மணி ஆச்சு. அசைன்மென்ட் ஆணி வேற பாக்கி.

குறிப்பேடு எவ்வளவு முக்கியம்ங்கறது 2023-ல இன்னும் தெளிவாச்சு. அந்த வருஷம் அங்கிக்குள்ள எஃப்எஸ்ஆர்எஸ்னு புது வழிமுறை வந்துச்சு, சீனாவைச் சேர்ந்த ஜாரட் யே உருவாக்கினது. எல்லாருக்கும் 2.5-ல ஆரம்பிக்கற வழக்கம் அதுல இல்லை. உங்க குறிப்பேட்டை எடுத்து, நீங்க எப்படி மறக்கறீங்கன்னு அதுல இருந்தே கத்துக்கும். அதாவது நடந்தது சரியா எழுதியிருந்தா நிலையைத் திரும்பக் கணக்குப் போட்டுக்கலாம். நடந்ததே பொய்யா எழுதியிருந்தா எந்தக் கணக்கும் தேறாது. அது பாப்பாவோட குறிப்பேட்டைப் படிச்சா, காலையில மேதாவி, சாயங்காலம் மறதிக்காரின்னு ஒரு விசித்திரப் பிறவியைத்தான் பார்த்திருக்கும்.

இப்போ என் மடிக்கணினியில எனக்குத் தனிக்கணக்கு. அட்டையில திருத்தம்னா ஹால்ல அவ பொட்டியிலயே உட்கார்ந்து திருத்தறேன், பதில் பொத்தானைத் தொடறதில்லை. உங்களுக்கும் சொல்லிக்கறேன். ஆளுக்கொரு கணக்கு. உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திரிக்கும்போது ஒரு தடவை ஒத்திசைங்க. ஏத்தவா இறக்கவான்னு கேட்டா அவசரப்படாம எந்தப் பொட்டியில கடைசியா படிச்சீங்கன்னு யோசிங்க. கோப்புறையை அப்படியே மேகக்கணியில போட்டு வெக்காதீங்க, திறந்திருக்கும்போது நகலெடுத்தா தரவுத்தளம் கெட்டுப் போகலாம்னு கையேடே எச்சரிக்குது. ஒத்திசைவு வேற, காப்புப்பிரதி வேற. அழிச்சாலும் அது அக்கறையா எல்லாப் பொட்டியிலயும் அழிக்கும்.

மறுநாள் சாயங்காலம் பாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, அந்த வரலாற்றுப் பட்டியலைக் காட்டினேன். "இந்த காலை 8 மணி எல்லாம் நான். நீ இல்லை. உனக்கு மறக்கவே இல்லை, நீ இன்னும் படிக்கவே இல்லை." கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா.

"அப்போ நான் ஸ்கூல்ல இருந்தேன்."

"ஆமா."

"நீங்க சீட்டிங் பண்ணிட்டீங்க, மாமா."

"ஆமா."

"தவலைன்னா என்ன?"

அதுக்கு அட்டை போதலை. சமையல்கட்டுக்குப் போய், அக்கா கல்யாணத்துக்குச் சீரா வந்து, மெல்பர்ன் வரைக்கும் கப்பல்ல வந்து, மேல் அலமாரியில சும்மா உட்கார்ந்திருந்த பித்தளைத் தவலையை இறக்கிக் காட்டினேன். ரெண்டு கையாலயும் தூக்கிப் பார்த்துட்டு, உள்ளே குனிஞ்சு "தவலை"ன்னு கத்தினா. திரும்ப எதிரொலிச்சுது. அப்புறம் ஹாலுக்குப் போய் பொத்தானைத் தட்டினா. என்ன தட்டினான்னு நான் பார்க்கலை.